வெற்றித் தொடரின் நீளமும் அகலமும்: இலங்கைக் கிரிக்கெட்டின் மூன்று தொடர்கள், ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒரு பார்வை

1. முன்னுரை

ஓர் அணி தோல்வி காணாமல் வென்றுகொண்டே போகும் காலத்தை நாம் எண்ணிக்கையால் அளந்து பழகிவிட்டோம். ஒன்பது, பதின்மூன்று, இருபத்தாறு என எண் ஏற ஏறப் புகழும் ஏறுகிறது. அந்த அளவுகோல் போதுமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு வெற்றித் தொடரின் பெறுமதியை அதன் நீளத்தைவிட அதன் அகலமே சரியாகக் காட்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருதுகோள். எத்தனை பேரின் திறமை, எத்தனை வகைத் திறமை, நாட்டின் எத்தனை பகுதிகளில் விளைந்த திறமை ஒரு தொடரைத் தாங்கி நின்றது என்பதையே அகலம் என்கிறோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை இலங்கை ஆண்கள் அணியின் மூன்று தொடர்கள்: 1996 உலகக் கிண்ண வெற்றிகள், 2001–02 இல் பெற்ற ஒன்பது தொடர் டெஸ்ட் வெற்றிகள், 2023 இல் பெற்ற பதின்மூன்று தொடர் ஒருநாள் வெற்றிகள். நோக்கும் இடம் பதுளையும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும். பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலி-எல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை எனப் பரந்திருக்கும் இந்த மலைச்சரிவுகளில் கிரிக்கெட் நேசிக்கப்படுகிறது, பேசப்படுகிறது, ஆடப்படுகிறது. ஆனாலும் தேசிய அணியின் வரலாற்றை எழுதும்போது இந்த மண் இடம்பெறுவது அரிது. அகலத்தைப் பற்றிய கேள்வி கூர்மையாக எழுவது இத்தகைய இடத்திலிருந்துதான்.

2. எண்ணும் முறை

தொடரை மதிப்பிடுமுன் எண்ணத் தெரியவேண்டும். எண்ணும் சிக்கலை நன்கு காட்டுவது அமெரிக்காவின் பேஸ்போல். 1916 இல் நியூ யோர்க் ஜயன்ட்ஸ் அணி 26 போட்டிகளைத் தொடர்ந்து வென்றது. இடையே பிற்ஸ்பேர்க் அணியுடனான ஒரு போட்டி மழையால் 1–1 என்ற நிலையில் நின்றது. சமநிலைப் போட்டி கணக்கில் வராது என்ற விதியால் 26 என்ற எண் நிலைத்தது. 2017 இல் கிளீவ்லண்ட் அணி இடையில் எந்தச் சமநிலையும் இல்லாமல் 22 போட்டிகளை வென்றபோது, எது நீண்ட தொடர் என்ற விவாதம் மீண்டும் எழுந்தது.

இலங்கையின் 1996 தொடருக்கும் இதே சிக்கல் உண்டு. அவ்வாண்டு ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அதன் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. அந்த இரு போட்டிகளின் புள்ளிகளும் ஆடாமலே இலங்கைக்குக் கிடைத்தன. கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் இந்தியா 8 விக்கெட் இழப்புக்கு 120 ஓட்டங்கள் என்றிருந்தபோது பார்வையாளர்களின் குழப்பத்தால் ஆட்டம் நின்றது. போட்டி நடுவர் கிளைவ் லொயிட் வெற்றியை இலங்கைக்கு அளித்தார். எனவே ஏட்டின்படி இலங்கையின் வெற்றிகள் எட்டு. களத்தில் இறங்கி ஆடியவை ஆறு. ஆடிய ஆட்டத்தை மட்டுமே சான்றாகக் கொள்வது என்ற நெறியை இக்கட்டுரை பின்பற்றுகிறது. அரையிறுதியின் முடிவு அப்போதே ஏறத்தாழ உறுதியாகியிருந்ததால் அதை ஆடிய வெற்றியாகவே கொள்கிறது.

நீளம் மட்டும் எதையும் உறுதிசெய்வதில்லை என்பதற்கும் பேஸ்போலே சான்று. 26 போட்டிகளைத் தொடர்ந்து வென்ற ஜயன்ட்ஸ் அந்தப் பருவத்தின் முடிவில் தன் லீக்கில் நான்காம் இடத்தையே பெற்றது. அந்த 26 வெற்றிகளும் சொந்த மைதானத்தில் பெறப்பட்டவை. 22 போட்டிகளை வென்ற கிளீவ்லண்ட் பருவத்துக்குப் பிந்திய கட்டத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. நீண்ட தொடரும் பெரிய கிண்ணமும் ஒரே அணிக்கு வாய்க்கவேண்டும் என்ற நியதி இல்லை.

3. மூன்று தொடர்கள்

3.1 1996: பகிரப்பட்ட சுமை

1981 இல் டெஸ்ட் தகுதி பெற்று, 1982 இல் முதல் டெஸ்டை ஆடி, 1985 செப்டெம்பரில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்ட அணி இது. அதன் பின் பத்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த வெற்றியைச் சனத் ஜயசூரிய, ரொமேஷ் களுவித்தாரண ஆகியோரின் அதிரடித் தொடக்கத்தோடு இணைத்தே பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆட்ட விவரங்களைப் பார்த்தால் சித்திரம் விரிகிறது.

சிம்பாப்வேக்கு எதிராக அரவிந்த டி சில்வாவும் அசங்க குருசிங்கவும் அணியைக் கரைசேர்த்தார்கள். டெல்லியில் சச்சின் டெண்டுல்கர் 137 ஓட்டங்கள் குவித்த போட்டியில் ஜயசூரிய 79 ஓட்டங்களை எடுத்தார். ஹஷான் திலகரத்ன கடைசிவரை நின்று முடித்தார். கண்டியில் கென்யாவுக்கு எதிராக 398 ஓட்டங்கள் எட்டப்பட்டன. அரவிந்தவின் பங்கு 145. பைசலாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் எடுத்தார். கல்கத்தாவில் தொடக்க வீரர்கள் இருவரும் முதல் ஓவரிலேயே வீழ்ந்தார்கள். அரவிந்தவின் 66 ஓட்டங்கள் அணியை நிமிர்த்தின. பின்னர் ஜயசூரியவின் பந்துவீச்சு இந்தியாவைச் சரித்தது. மார்ச் 17 இல் லாகூரில் நடந்த இறுதிப் போட்டியிலும் தொடக்க வீரர்கள் விரைவில் வீழ்ந்தார்கள். அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து 3 விக்கெட்டுகளையும் கைப்பற்றினார். குருசிங்க 65 ஓட்டங்களைச் சேர்த்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க இறுதிவரை நின்று 7 விக்கெட் வெற்றியை நிறைவுசெய்தார்.

ஆறு போட்டிகளில் முதன்மைச் சுமை கைமாறிக்கொண்டே இருந்தது. ஒருவர் தவறியபோது இன்னொருவர் எழுந்தார். கொழும்பின் பெரிய பாடசாலைகளே வீரர்களை வழங்கிவந்த வழக்கத்துக்கு நடுவே மாத்தறையிலிருந்து ஜயசூரியவும் கண்டியிலிருந்து முத்தையா முரளிதரனும் அந்த அணியில் இருந்தார்கள். மூன்று தொடர்களில் எண்ணிக்கையால் இதுவே சிறியது. அகலத்தால் இதுவே பெரியது.

3.2 2001–02: ஒருவர் தோளில் ஏறிய தொடர்

2001 ஓகஸ்ட் இறுதியில் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராகத் தொடங்கிய டெஸ்டில் ஆரம்பித்து, 2002 மார்ச்சில் லாகூரில் பாகிஸ்தானை வென்ற ஆசிய டெஸ்ட் வாகையர் இறுதி வரை, இலங்கை ஒன்பது டெஸ்டுகளைத் தொடர்ந்து வென்றது. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகியவற்றுக்கு எதிராக ஒவ்வொன்றும் மேற்கிந்தியத் தீவுகள், சிம்பாப்வே ஆகியவற்றுக்கு எதிராக மும்மூன்றும் அதில் அடங்கும். ஒன்பதில் எட்டு சொந்த மண்ணில் ஆடப்பட்டவை.

அந்த மேற்கிந்தியச் சுற்றுப்பயணம் விளையாட்டு ஆய்வாளருக்குப் பெரும் பாடம். பிரையன் லாரா மூன்று டெஸ்டுகளில் 688 ஓட்டங்கள் குவித்தார். அப்படியிருந்தும் அவரது அணி மூன்றிலும் தோற்றது. எதிர்ப்பக்கத்தில் சமிந்த வாஸ் 26 விக்கெட்டுகளையும் முரளிதரன் 24 விக்கெட்டுகளையும் எடுத்தார்கள். ஒரு தனிமனிதரின் துடுப்பு எவ்வளவு உயர்ந்தாலும், இருபது விக்கெட்டுகளை வீழ்த்தும் பந்துவீச்சு இல்லாத அணி டெஸ்டை வெல்வதில்லை.

இலங்கையின் பக்கத்திலும் இதே பாடம் வேறு வடிவில் இருந்தது. இந்தியாவுக்கு எதிரான டெஸ்டின் முதல் இனிங்ஸில் 87 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள், கண்டியில் சிம்பாப்வேக்கு எதிராக 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் என முரளிதரன் இந்த ஒன்பது டெஸ்டுகளில் 80க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். எதிரணிகள் இழக்கக்கூடிய மொத்த விக்கெட்டுகள் 180. அதில் ஏறத்தாழப் பாதி ஒரே கையிலிருந்து வந்தது. வாஸின் வேகமும், லாகூரில் குமார் சங்கக்கார எடுத்த 230 ஓட்டங்களும் பெரும் பங்களிப்புகள்தாம். ஆயினும் தொடரின் நடுத்தூண் ஒன்றுதான்.

2002 மே மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் இலங்கை 8 விக்கெட்டுகளுக்கு 555 ஓட்டங்கள் குவித்தும் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தோள் காயத்தால் முரளிதரன் அந்த டெஸ்டில் ஆடவில்லை. ஒன்பது வெற்றிகளின் தொடர் அங்கே நின்றது.

3.3 2023: பந்துவீச்சின் தொடர்

2023 ஜூன் 4 இல் ஹம்பாந்தோட்டையில் ஆப்கானிஸ்தானை வென்றதிலிருந்து செப்டெம்பர் 9 இல் கொழும்பில் பங்களாதேஷை வென்றது வரை இலங்கை 13 ஒருநாள் போட்டிகளைத் தொடர்ந்து வென்றது. ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அப்போது இதைவிட நீண்ட தொடராக இருந்தது 2003 இல் அவுஸ்திரேலியா பெற்ற 21 வெற்றிகள்தான்.

எதிரணிகளைப் பிரித்துப் பார்ப்போம். ஆப்கானிஸ்தான் மூன்று முறை, பங்களாதேஷ் இரு முறை, அயர்லாந்து, சிம்பாப்வே, மேற்கிந்தியத் தீவுகள் ஒவ்வொரு முறை. இவை டெஸ்ட் ஆடும் நாடுகள், மொத்தம் எட்டு. ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், ஸ்கொட்லாந்து ஒவ்வொரு முறையும் நெதர்லாந்து இரு முறையும் என மீதி ஐந்து. இந்தியா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, பாகிஸ்தான், நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஆறில் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. எட்டு வெற்றிகள் சிம்பாப்வேயில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பெறப்பட்டவை. ஒரு காலத்தின் உலகச் சாம்பியன் தகுதிச் சுற்றில் ஆடவேண்டி வந்ததே இந்தத் தொடரின் பின்புலம்.

இதனால் தொடரைச் சிறுமைப்படுத்திவிட முடியாது. பதின்மூன்று போட்டிகளிலும் எதிரணியின் பத்து விக்கெட்டுகளும் வீழ்ந்தன. அடுத்து இந்தியாவிடம் 41 ஓட்டங்களால் தோற்ற போட்டியிலும் இளம் சுழற்பந்துவீச்சாளர் துனித் வெல்லாலகே ஐந்து விக்கெட்டுகளை எடுக்க, இந்தியா 213 ஓட்டங்களுக்கு முழுதாக ஆட்டமிழந்தது. தகுதிச் சுற்றில் வனிந்து ஹசரங்க 22 விக்கெட்டுகளும் மகீஷ் தீக்ஷன 21 விக்கெட்டுகளும் எடுத்தார்கள். ஹசரங்க அடுத்தடுத்த மூன்று போட்டிகளில் ஐந்தோ அதற்கு மேலோ விக்கெட்டுகள் வீழ்த்தினார். அடுத்து வந்த ஆசியக் கிண்ணத்தில் காயத்தால் அவர் ஆடாதபோதும் அணி வென்றது. எனவே பந்துவீச்சில் இத்தொடர் அகலமானது. 2001–02 போல ஒருவரைச் சார்ந்து நிற்கவில்லை.

துடுப்பாட்டத்தில் நிலை வேறு. செப்டெம்பர் 17 இல் ஆசியக் கிண்ண இறுதியில் மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுக்க, இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. உலகக் கிண்ணத்தில் மும்பையில் இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்கள். ஒன்பது போட்டிகளில் இரண்டை மட்டும் வென்று ஒன்பதாம் இடம். 2023 நவம்பரில், அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையையே இடைநிறுத்தியது. பதின்மூன்று வெற்றிகளுக்கும் இந்த வீழ்ச்சிக்கும் இடையே இருந்தவை சில வாரங்களே.

4. தொடர் ஏன் நிகழ்கிறது?

தொடர் வெற்றிக்கு மனவெழுச்சியே காரணம் என்று ரசிகர்கள் நம்புவதுண்டு. கணிதம் முதலில் வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு போட்டியையும் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம் உள்ள அணி அடுத்த 13 போட்டிகளையும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 770 இல் ஒன்று. 80 சதவீதம் என்றால் அது 18 இல் ஒன்று. 90 சதவீதம் என்றால் நான்கில் ஒன்று. எதிரணி சற்று மெலிந்தாலே நீண்ட தொடரின் வாய்ப்பு பன்மடங்காகிவிடுகிறது. 2023 தொடரின் நீளத்தில் பெரும்பகுதியை இது விளக்குகிறது.

மனவெழுச்சி முழுக் கற்பனையா? 1985 இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கூடைப்பந்து எறிதல்களை ஆராய்ந்து, வெற்றி அடுத்த வெற்றியைப் பிறப்பிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். 2018 இல் மில்லர், சன்ஹூர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிடும் முறையில் ஒரு நுண்ணிய சாய்வு இருந்ததைக் காட்டினார்கள். அதன் பின் கேள்வி மீண்டும் திறந்தது. நமது மூன்று தொடர்களும் ஒரு நடுவழியைக் காட்டுகின்றன: நம்பிக்கை உதவலாம், ஆனால் கல்கத்தாவில் முதல் ஓவரிலேயே இரு விக்கெட்டுகள் விழுந்தபின் நம்பிக்கை மட்டும் ஓட்டம் எடுக்காது. அடுத்து வருபவர் ஆடத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அகலம் என்ற கருத்து நிகழ்தகவோடு இணைவது இங்கேதான். சுமையைப் பலர் பகிரும் அணியில் ஒருவரின் தவறு போட்டியைப் பறிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு போட்டியிலும் வெல்லும் வாய்ப்பு உயர்கிறது. வலிய எதிரணி வரும்போதும் அது எளிதில் சரிவதில்லை.

5. ஊவாவும் அகலமும்

5.1 பெயர் மட்டும் வந்த வெற்றி

கிரிக்கெட்டில் ஊவா என்ற பெயர் ஒருமுறை உச்சிக்குப் போனது. 2012 இல் நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் மாகாணப் பெயர்களைத் தாங்கிய ஏழு அணிகள் ஆடின. ஓகஸ்ட் 31 இல் கொழும்பு பிரேமதாச மைதானத்தில், மழை குறுக்கிட்ட இறுதிப் போட்டியில், ஊவா நெக்ஸ்ட் அணி நாகெனஹிர நாகாஸ் அணியை டக்வர்த்–லூயிஸ் முறைப்படி 19 ஓட்டங்களால் வென்று கிண்ணம் பெற்றது. அதே ஆண்டு தென்னாபிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக்கில் தகுதிச் சுற்றோடு வெளியேறியது. லீக்கும் அடுத்த ஆண்டு நடக்கவில்லை.

அந்தக் கிண்ணம் ஊவாவுக்கு உரியதா? போட்டிகள் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. பதுளையில் ஒன்றும் நடக்கவில்லை. சர்வதேச கிரிக்கெட்டுக்கு உரிய மைதானம் ஊவா மாகாணத்தில் இன்றுவரை இல்லை. 2020 இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் ஊவாவின் பெயரும் இல்லை.

அதே லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வாகை சூடியது. அந்தப் போட்டிகளும் யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. ஆயினும் 2020 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற இளம் சுழற்பந்துவீச்சாளர் அந்த அணியில் களமிறங்கினார். பின்னர் தேசிய அணிக்கும் இந்தியன் பிரீமியர் லீக்குக்கும் சென்றார். ஒரு பெயர் மண்ணிலிருந்து ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லும்போது அந்த வெற்றியில் மண்ணுக்கும் உரிமை பிறக்கிறது. ஊவாத் தோட்டங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை.

5.2 மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு

பதுளை மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். அவர்களது தோட்டங்களில் தேயிலை ஏறாத சமதரை குறைவு. தொழிலாளர் ஒன்றுகூடும் பிரட்டுக்களமும் கோயில் முற்றமும் பாடசாலைத் திடலுமே ஆடுகளங்கள். அங்கே ஆடப்படுவது பெரும்பாலும் மென்பந்துக் கிரிக்கெட். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தோட்டங்களுக்கிடையே சுற்றுப்போட்டிகள் நடக்கும். கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் உண்டு. மூங்கில் தடியால் பந்தை அடித்துச் சுற்றியோடும் எல்லே, பேஸ்போலுக்கு மிக நெருங்கிய நம் நாட்டு ஆட்டம். அதுவும் புத்தாண்டுக் களங்களில் காணக்கூடியது.

மென்பந்து ஆட ஒரு துடுப்பும் ஒரு டெனிஸ் பந்தும் போதும். கடினப்பந்துக்குக் காற்காப்புகள், கையுறைகள், தலைக்கவசம், பராமரித்த ஆடுகளம், பயிற்றுநர் எல்லாம் வேண்டும். தேசிய அணிக்கான பாதை கடினப்பந்துப் பாடசாலை அணிகள் வழியாகவும் பின்னர் பெரும்பாலும் கொழும்பைச் சார்ந்த கழகங்கள் வழியாகவும் செல்கிறது. 1924 இல் பதுளைக்கு வந்த புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமானது. வழமையாகப் பயணத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தத் தூரம் பணக் கணக்காகவும் மாறிவிடுகிறது.

மலையகத்தில் கிரிக்கெட் மைதானங்களே இருக்கவில்லை என்பதும் சரியாகாது. அயல் மாகாணத்தின் றதல்ல, டிக்கோயாவின் தறவளை போன்ற இடங்களில் தோட்டத் துரைமாரின் கழகங்கள் அழகிய மைதானங்களை அமைத்திருந்தன. சமதரையைத் தேடி வெட்டித் திருத்திய உழைப்பு தொழிலாளருடையது. துடுப்போடு இறங்கியவர்கள் துரைமார். மைதானம் அமைக்க மலை தடையாக இருந்ததில்லை. யாருக்காக அமைப்பது என்ற தெரிவே தடையாக இருந்தது.

5.3 முரளிதரன் என்ற சான்று

ஒன்பது டெஸ்ட் வெற்றிகளின் நடுத்தூணான முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். குடும்பம் பின்னர் கண்டிப் பகுதியில் வணிகத்தில் ஊன்றியது. முரளிதரன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். அங்கே கடினப்பந்து இருந்தது, ஆடுகளம் இருந்தது, சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். வேகப்பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அவர்தான்.

அதன் பின்னான தருணங்கள் எல்லோரும் அறிந்தவை. 1995 டிசம்பர் 26 இல் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார் அவரது பந்துவீச்சு முறையற்றது என்று அறிவித்தார். மூன்று மாதம்கூட நிறைவடையுமுன் அவர் உலகக் கிண்ணம் வென்ற அணியில் நின்றார். 1998 இல் இலண்டன் ஓவல் டெஸ்டில் 16 விக்கெட்டுகளை எடுத்து இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வீழ்த்தினார். 2010 ஜூலை 22 இல் காலியில், தன் கடைசி டெஸ்டில் தான் வீசிய கடைசிப் பந்தில், 800 ஆவது விக்கெட்டை எடுத்தார். குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய ஒரு சமூகத்தின் வழித்தோன்றல் நாட்டின் கொடியை உலகெங்கும் உயர்த்தினார். 1948 இல் பறிக்கப்பட்ட குடியுரிமைச் சிக்கலுக்கு முழுமையான சட்டத் தீர்வு வந்தது 2003 இல். அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்த ஒன்பது வெற்றிகள் நிறைவுற்றிருந்தன.

இந்தச் சான்றை இரு விதமாகவும் படிக்கவேண்டும். தோட்டத்து வேர் கொண்ட குடும்பம் ஒன்றிலிருந்து உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர் வரமுடியும் என்பது ஒன்று. அவர் வந்த வழி தோட்டத்து லயன் குடியிருப்புகள் வழியாகச் செல்லவில்லை; நகரமும் வணிகமும் வசதியுள்ள பாடசாலையும் அமைத்த வழி அது என்பது மற்றொன்று. திறமை பரவிக் கிடக்கிறது, வழிதான் குறுகியது.

6. முடிவுரை

மூன்று தொடர்களையும் ஒப்பிட்டால் கருதுகோள் நிலைபெறுகிறது. ஆறு வெற்றிகளின் 1996 தொடர் பலர் தாங்கியது. உலகக் கிண்ணத்தில் முடிந்தது. ஒன்பது வெற்றிகளின் தொடர் ஒரு தூணில் சாய்ந்திருந்தது. அந்தத் தூண் இல்லாத முதல் டெஸ்டிலேயே நின்றது. பதின்மூன்று வெற்றிகளின் தொடர் பந்துவீச்சில் அகன்றும் துடுப்பாட்டத்தில் ஒடுங்கியும் இருந்தது. வலிய எதிரணி வந்தபோது அந்த ஒடுக்கம் வெளிப்பட்டது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவு தெளிவானது. அடுத்த நீண்ட தொடரை விரும்பும் நாடு தன் அணியின் அடித்தளத்தை விரிக்கவேண்டும். ஊவாவில் அது தொடங்கவேண்டிய இடங்கள் மூன்று. பதுளை, பசறை, பண்டாரவளை ஆகியவற்றின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் 13 வயதுக்குட்பட்டோருக்கான கடினப்பந்து அணிகள் வேண்டும். அவை பொதுவாகப் பயன்படுத்தக் கூடிய பாய்விரிப்பு ஆடுகளங்கள் வேண்டும். தமிழில் கற்பிக்கும் பயிற்றுநர்கள் வேண்டும். மாகாண மட்டத் தெரிவு பதுளையிலேயே நடக்கட்டும். தோட்டத்துச் சிறுவன், சிறுமி இருவருக்கும் அதில் இடம் இருக்கட்டும். 2024 ஜூலையில் தம்புள்ளையில், ஒரு போட்டிகூடத் தோற்காமல் வந்து, இறுதியில் இந்தியாவையும் வீழ்த்தி ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை மகளிர் அணி, சிறுமிகளை மறந்து திட்டமிடும் எவருக்கும் விடையாக நிற்கிறது.

இவை செலவு மிகுந்த கோரிக்கைகள் அல்ல. ஒரு சர்வதேச மைதானத்துக்கு ஆகும் பணத்தின் சிறுபகுதியில் பல பாடசாலைகளுக்கு ஆடுகளம் அமைக்கலாம். இரு நூற்றாண்டுகளாக இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய மக்களின் பிள்ளைகளுக்கு அந்தச் செலவைச் செய்வது கடமை. அதைச் செய்தால் பயன் பெறுவது ஊவா மட்டுமன்று, வெல்ல விரும்பும் தேசிய அணியும்தான்.